நானோ பட்டப்படிப்பு: சேருமுன்னும் சேர்ந்த பின்னும்

நானோ தொழில்நுட்பப் படிப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்தத் துறையில் பாடம் நடத்துபவர்களும் ஆய்வகப் பொறுப்பில் இருப்பவர்களும் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் பி.டெக். நானோ டெக்னாலஜி தருகிறார்கள். பொறியியல் கலந்தாய்வுக்குப் போனால் இ.சி.இ. அல்லது கெமிக்கல் கிடைக்கும். "வருங்காலமே நானோதான்" என்கிறார் சேர்க்கை ஏஜெண்ட். எதில் சேர்ப்பது?
– ஒரு தந்தை, ராசிபுரம்

பதில்: ஏஜெண்ட் சொல்வதை அப்படியே நம்பி முடிவெடுக்காதீர்கள். அவர் இதே வார்த்தையை போன வருடம் வேறு படிப்புக்குச் சொல்லியிருப்பார்.

ஒன்று முதல் நூறு நானோமீட்டர் வரையிலான அளவில் பொருள்களின் நிறம், வினைத்திறன், காந்தத்தன்மை எல்லாம் மாறுகின்றன. அந்த மாற்றத்தைப் படிப்பதும் பயன்படுத்துவதும்தான் இந்தப் படிப்பு. இயற்பியல், வேதியியல், எலெக்ட்ரானிக்ஸ், உயிரியல் நான்கும் அங்கே கூடுகின்றன. அதனால் பி.டெக். பாடத்திட்டத்தில் குவாண்டம் இயங்கியல் முதல் செல் உயிரியல் வரை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அகலம் உண்டு, ஆழம் குறைவு. வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனமோ "இவருக்கு எது ஆழமாகத் தெரியும்?" என்றுதான் பார்க்கும்.

இன்னொரு சிக்கலை ஏஜெண்ட் சொல்ல மாட்டார். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில் நானோ என்று தனித் தாள் கிடையாது. பி.டெக். நானோ படித்தவர்கள் பெரும்பாலும் எக்ஸ்.இ. என்ற பொறியியல் அறிவியல் தாளை எழுதுகிறார்கள். அதில் கணிதம் கட்டாயம். கூடவே மெட்டீரியல் சயின்ஸ், தெர்மோடைனமிக்ஸ், பாலிமர் போன்ற பிரிவுகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம். பொதுத்துறை நிறுவனங்கள் கேட் மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கும்போது மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கெமிக்கல் என்று பிரிவுப் பெயர் போட்டு அழைப்பார்கள். அந்தப் பட்டியலில் நானோவைப் பார்ப்பது அரிது.

ஆகவே எங்கள் கருத்து: கெமிக்கலோ இ.சி.இ.யோ எடுத்து நான்கு வருடம் ஊன்றிப் படிக்கட்டும். ஆர்வம் அப்போதும் இருந்தால் எம்.டெக்.கில் நானோவுக்கு வரட்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் நானோ அறிவியல் தொழில்நுட்ப மையம், வி.ஐ.டி., எஸ்.ஆர்.எம். போன்ற இடங்களில் எம்.டெக். நடத்தி வருகிறார்கள். (எஸ்.ஆர்.எம். காட்டாங்குளத்தூரில் பி.டெக்.கும் உண்டு.) ஆராய்ச்சிதான் வாழ்க்கை என்று மகள் உறுதியாக இருந்தால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.–எம்.எஸ். படிப்பு. நமக்குப் பக்கத்தில் திருப்பதியும் திருவனந்தபுரமும். அதற்குத் தனி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பி.டெக். நானோவில் சேர்வதாக இருந்தால், மேற்படிப்பு உண்டு என்று இப்போதே மனதில் வைத்துச் சேருங்கள். நான்கு வருடத்தோடு நின்றால் கேம்பஸில் கிடைப்பது பெரும்பாலும் சாஃப்ட்வேர் வேலைதான். அதற்கு நானோ படிக்க வேண்டியதில்லை.

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். எம்.எஸ்சி. நானோ சேரலாமா, எம்.எஸ்சி. இயற்பியலே படிக்கலாமா? அரசுப் பள்ளியிலோ கல்லூரியிலோ ஆசிரியராக வேண்டும் என்பது என் விருப்பம்.
– மாணவி, அறந்தாங்கி

பதில்: ஆசிரியர் வேலைதான் குறி என்றால் எம்.எஸ்சி. இயற்பியல். யோசிக்கவே வேண்டாம்.

பாரதியார், அழகப்பா பல்கலைக்கழகங்களில் நானோ அறிவியலில் முதுகலைப் படிப்பு உண்டு. கிண்டி வளாகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் நானோவுக்கென்று தேசிய மையமே இருக்கிறது. பாடங்களில் குறையில்லை. குறை பட்டத்தின் பெயரில். ஆசிரியர் தேர்வு வாரியம் இயற்பியல் பணியிடத்துக்கு இயற்பியல் பட்டத்தையோ, அதற்கு இணையானது என்று அரசாணை வெளியான பட்டத்தையோதான் ஏற்கும். சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் போய் "என் பாடத்தில் எண்பது சதவீதம் இயற்பியல்தான்" என்று வாதாடிப் பயனில்லை. சேர்ந்தே தீருவேன் என்றால், உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர், பட்டத்தின் பெயர் இரண்டும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கும் இணைத்தன்மை அரசாணையைத் துறையில் கேட்டு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "இருக்கும்மா, வந்துடும்மா" என்று சொன்னால் இல்லை என்று அர்த்தம்.

விரிவுரையாளர் தகுதிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்விலும் நானோ தனிப் பாடம் இல்லை. இயற்பியல் அறிவியல் அல்லது வேதியியல் அறிவியல் தாளைத்தான் எழுத வேண்டும். ஜே.ஆர்.எஃப். என்ற அந்த உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். அந்தப் பணத்தில் நானோவில் முனைவர் பட்டம் செய்யலாம். இயற்பியல் படித்தவருக்கு நானோ ஆய்வகக் கதவு திறந்தே இருக்கிறது. எதிர்ப்பக்கம் வருவதுதான் கஷ்டம்.

கேள்வி: எம்.டெக். நானோ சேர இரண்டு கல்லூரிகள் என் பட்டியலில் இருக்கின்றன. இரண்டு பேரின் கையேட்டிலும் "உலகத்தரம் வாய்ந்த ஆய்வகம்" என்று போட்டிருக்கிறது. நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?
– பொறியியல் பட்டதாரி, விருத்தாசலம்

பதில்: லாக் புக்கைப் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் பதிவேடு ஒன்று இருக்கும். தேதி, பயன்படுத்தியவர், சாம்பிள், எத்தனை மணி நேரம் என்று எழுதியிருப்பார்கள். கடைசிப் பதிவு என்றைக்கு? பெயர்களில் எம்.டெக். மாணவர்கள் இருக்கிறார்களா, முனைவர் பட்ட மாணவர்கள் மட்டும்தானா? எல்லாப் பக்கத்திலும் ஒரே டெக்னீஷியனின் கையெழுத்து என்றால், மாணவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துவிட்டு ரெக்கார்டு எழுதுகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். பதிவேட்டைக் காட்டத் தயங்கும் இடத்தில் சேர்வதற்கு நீங்களும் தயங்கலாம்.

அடுத்து கருவியின் வயது. 2007-இல் மத்திய அரசு நானோ மிஷனைத் தொடங்கிய பிறகு நாடு முழுவதும் முதுகலை நானோ படிப்புகளுக்குப் பணம் வந்தது, கருவிகள் வாங்கினார்கள். அந்தத் தலைமுறைக் கருவிகள் இப்போதும் பல இடங்களில் நிற்கின்றன. பழையதாக இருப்பது குற்றமில்லை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உதாரணத்துக்குச் 'செம்' என்ற எலெக்ட்ரான் நுண்ணோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். டங்ஸ்டன் இழை வைத்த சாதாரணச் செம்மில் அந்த இழை சுமார் நூறு மணி நேரத்துக்குள் கருகிவிடும். மாற்று இழைக்கு நிதி ஒதுக்காத துறையில், கோடி ரூபாய்க் கருவி ஒரு கம்பித் துண்டுக்காகப் போர்வை போர்த்திக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். "கடைசியாக எப்போது ஃபிலமெண்ட் மாற்றினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், டெக்னீஷியனின் முகத்திலேயே பதில் தெரியும். இன்னும் கூர்மையாகக் காட்டும் எஃப்.இ. செம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். டங்ஸ்டன் இழைக் கருவியில் ஐம்பது நானோமீட்டருக்குக் கீழே உள்ள துகள்கள் பெரும்பாலும் மங்கலாகத்தான் தெரியும். நானோ படிப்புக்கு அது போதாது.

'டெம்' கருவி (சாம்பிளை ஊடுருவிப் பார்க்கும் எலெக்ட்ரான் நுண்ணோக்கி) வளாகத்திலேயே இல்லை என்பதற்காக ஒரு கல்லூரியை ஒதுக்க வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யின் சைஃப் மையம் போன்ற இடங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு வெளி சாம்பிள்களைச் சோதித்துத் தருகின்றன. எந்தக் கருவி நாட்டில் எங்கே இருக்கிறது என்று ஐ-ஸ்டெம் இணையதளத்தில் தேடலாம். அந்தக் கட்டணத்தைத் துறை கட்டுமா, மாணவர் தலையில் விழுமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். புராஜெக்ட் செமஸ்டரில் பத்து சாம்பிளுக்கு எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிரால் படிக அமைப்பை அளப்பது), செம், டெம் என்று அனுப்பினால் கையைக் கடிக்கும்.

சின்ன விஷயங்களையும் விடாதீர்கள். 18.2 மெகாஓம் சென்டிமீட்டர் தரத்தில் (உப்பு ஏறக்குறைய இல்லாத) தண்ணீர் தரும் சுத்திகரிப்புக் கருவி வேலை செய்கிறதா? மாணவர்கள் பேட்டரிக் கடைத் தண்ணீர் கேன் வாங்கி வந்து ஒப்பேற்றுகிறார்கள் என்றால், அங்கே எடுக்கும் எந்த முடிவும் மறுபடி வராது. நச்சுப் புகையை இழுத்து வெளியேற்றும் ஃபியூம் ஹூட் ஓடும்போது டிஷ்யூ தாள் ஒன்றைக் கிழித்து வாசலில் பிடியுங்கள். உள்பக்கமாக இழுக்க வேண்டும். அசையாமல் தொங்கினால் அது அலமாரி, அவ்வளவுதான்.

கிளீன் ரூம் (தூசு நீக்கிய அறை) இருக்கிறது என்றால், ஒளியால் நுண்வடிவம் பதிக்கும் லித்தோகிராஃபி அறையில் மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். நீல ஒளியும் புற ஊதாக்கதிரும் பட்டால் ஃபோட்டோரெசிஸ்ட் என்ற ஒளியுணர் பூச்சு கெட்டுவிடும், அதனால்தான் மஞ்சள். வெள்ளை டியூப்லைட் எரிந்தால் அங்கே யாரும் லித்தோகிராஃபி செய்வதில்லை.

கேள்வி: எம்.எஸ்சி. முதல் வருடம். கோல்டு நானோ துகள் தயாரிக்கும் பிராக்டிகலில் எங்கள் பேட்சுக்கு மட்டும் சிவப்பு வரமாட்டேன் என்கிறது. ஊதாவாகி, மறுநாள் அடியில் கறுப்பாகப் படிந்துவிடுகிறது. செய்முறையில் எழுதியபடிதான் செய்கிறோம்.
– மாணவர், காரைக்குடி

பதில்: நீங்கள் செய்வது டர்கெவிச் முறை, 1951-இல் வந்தது, இன்றும் எல்லா ஆய்வகத்திலும் முதல் பயிற்சி. அளவுகளை முதலில் சரிபாருங்கள். குளோரோ ஆரிக் அமிலம் டிரைஹைட்ரேட் 0.1 கிராம் எடுத்து 250 மி.லி.க்குக் கரைத்தால் ஏறக்குறைய 1 மில்லிமோலார். அதில் 20 மி.லி.யைச் சிறு குடுவையில் எடுத்து, காந்தக் கலக்கியில் வைத்து நன்றாகக் கொதிக்க விட வேண்டும். டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 0.5 கிராமை 50 மி.லி.யில் கரைத்தால் 1 சதவீதக் கரைசல். அதில் 2 மி.லி.யை ஒரே தடவையில் ஊற்ற வேண்டும். இளமஞ்சள் முதலில் நிறமிழக்கும், பிறகு கருநீலமாகும், பத்து நிமிடத்துக்குள் மாதுளைச் சாற்றின் சிவப்புக்கு வரும். நடுவில் வரும் அந்தக் கருநீலத்தைப் பார்த்துப் பயந்து அடுப்பை அணைப்பவர்கள் உண்டு. அணைக்காதீர்கள்.

உங்களுக்கு ஊதாவிலேயே நிற்பதற்குப் பெரும்பாலும் கண்ணாடிச் சாமான்தான் காரணம். தங்கத் துகள்களின் மேல் ஒட்டியிருக்கும் சிட்ரேட் எதிர் மின்னூட்டம் தருகிறது; அதனால்தான் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கின்றன. குழாய்த் தண்ணீரில் கழுவிய குடுவையில் கால்சியம், சோடியம் உப்பு கொஞ்சம் மிஞ்சினாலும் அந்தத் தள்ளுவிசை மறைக்கப்பட்டு, துகள்கள் கட்டிகட்டியாகச் சேரும். சேர்ந்தால் நிறம் ஊதா, நீலம். காரைக்குடிப் பக்கத்து உப்புத் தண்ணீரைச் சொல்லவே வேண்டாம்.

காந்தக் குச்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளை டெஃப்லான் மேல் கறுப்பு அல்லது ஊதாப் படலம் ஒட்டியிருந்தால் அது போன பேட்ச் மாணவர்களின் தங்கம். புதிய தங்கம் கரைசலில் உருவாவதை விட்டுவிட்டு அதன் மேல் போய் ஒட்டும். குடுவையும் குச்சியும் ராஜ திராவகத்தில் ஊறினால்தான் இது போகும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு, நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு. ஃபியூம் ஹூட்டுக்குள், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மூடி போட்டு வைக்கக் கூடாது, வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். அசிட்டோன் தடவிய குடுவையில் ஊற்றவே கூடாது. பிறகு 18.2 தரத் தண்ணீரில் பல முறை அலச வேண்டும்.

இரும்பு ஸ்பேட்டுலாவால் தங்க உப்பை எடுத்தீர்களா? உலோகம் பட்ட இடத்திலேயே தங்கம் ஒடுக்கமடைந்துவிடும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கரண்டி வேண்டும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால் நிதானமாக எடை போட்டாலும் அளவு தவறும். புதிய பாட்டிலை முழுவதுமாகக் கரைத்து ஸ்டாக் செய்து, கறுப்பு பாட்டிலில் வைப்பது நல்லது. சிட்ரேட் அன்றன்றைக்குத் தயாரித்ததாக இருக்கட்டும். போன மாதக் கரைசலில் பூஞ்சை மிதக்கும். கொதி வருவதற்கு முன்பே ஊற்றினாலும், சொட்டுச் சொட்டாக விட்டாலும் துகள்கள் பெரிதும் சிறிதுமாக வரும்.

முடிந்ததும் யு.வி.-விசிபிள் (ஒளி உறிஞ்சல்) அளவீடு எடுங்கள். 520 நானோமீட்டர் பக்கத்தில் ஒற்றைச் சிகரம் வர வேண்டும். 600-க்கு மேல் அகலமான மேடு ஒன்று தெரிந்தால் கண்ணுக்குச் சிவப்பாக இருந்தாலும் கட்டி சேரத் தொடங்கிவிட்டது என்று பொருள். நல்ல கரைசலை ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வைக்கலாம். ஃபிரீசரில் வைத்தால் மறுநாள் கறுப்புப் படிவுதான் மிஞ்சும். உங்கள் பேட்சில் யாராவது அப்படி வைத்தார்களா என்றும் விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: வெள்ளி நானோ துகளின் எக்ஸ்.ஆர்.டி.யில் 38.2 டிகிரியில் சிகரம், பாதி உயரத்தில் அகலம் 0.8 டிகிரி. சிகர அகலத்திலிருந்து படிக அளவு தரும் ஷெரர் சமன்பாட்டில் போட்டால் 0.18 நானோமீட்டர் வருகிறது. கைடு பார்த்துவிட்டுச் சிரித்தார், காரணம் சொல்லவில்லை.
– புராஜெக்ட் மாணவி, கோவை

பதில்: ஒரு வெள்ளி அணுவின் விட்டமே சுமார் 0.29 நானோமீட்டர். அணுவைவிடச் சிறிய படிகம் கண்டுபிடித்திருக்கிறீர்கள், அதனால் சிரித்திருப்பார்.

அகலத்தை ரேடியனுக்கு மாற்றாமல் போட்டிருக்கிறீர்கள். 0.8 டிகிரி என்பது 0.01396 ரேடியன். மேலே மாறிலி 0.9 பெருக்கல் எக்ஸ் கதிரின் அலைநீளம் 0.15406, அதாவது 0.1387. கீழே 0.01396 பெருக்கல் காஸ் 19.1 டிகிரி, அதாவது 0.0132. வகுத்தால் 10.5 நானோமீட்டர். இங்கே 38.2 இல்லை, அதில் பாதியான 19.1 என்பதைக் கவனியுங்கள். கருவி தருவது இரு மடங்குக் கோணம். பாதியாக்க மறந்தால் 12.6 வரும், நம்பும்படியான எண் என்பதால் இந்தத் தவறு வைவா வரை யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

கருவியே தரும் அகலத்தையும் கழிக்க வேண்டும். சிலிக்கான் போன்ற தரச் சாம்பிளை ஓட்டினால் அது தெரியும். 0.15 டிகிரி என்று வைத்துக்கொண்டு வர்க்கத்தில் கழித்தால், உங்கள் 0.8 ஏறக்குறைய 0.79 ஆகும், பெரிய மாற்றமில்லை. சிகரம் 0.25 டிகிரி என்றால் அது 0.20 ஆகி, விடை கால் பங்கு கூடிவிடும். நூறு நானோமீட்டரைத் தாண்டினால் ஷெரரை நம்பவே வேண்டாம்.

டி.எல்.எஸ். (ஒளிச்சிதறலால் துகளை அளப்பது) எண் இதைவிடப் பெரிதாக வந்தால் குழம்பாதீர்கள். எக்ஸ்.ஆர்.டி. படிகத்தின் அளவைச் சொல்கிறது, டி.எல்.எஸ். துகளோடு அதன் மேல் ஒட்டி நகரும் நீர்ப் படலத்தையும் சேர்த்து அளக்கிறது, அதிலும் பெரிய துகள்களின் பக்கமே சாய்கிறது. ஆய்வேட்டில் இரண்டையும் ஒரே அட்டவணையில் "துகள் அளவு" என்ற தலைப்பில் போடாமல் இருந்தால் போதும்.

கேள்வி: இ.சி.இ. முடித்து ஓசூரில் வேலை பார்க்கிறேன். செமிகண்டக்டர் ஆலைகள் வருகின்றன என்பதால் எம்.டெக். நானோ படிக்கலாம் என்று எண்ணம். சரிதானா?
– வாசகர், ஓசூர்

பதில்: பாதி சரி. 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய் செமிகண்டக்டர் திட்டம் அறிவித்த பிறகு, குஜராத்தின் தொலேராவில் டாடாவின் ஃபேப் (சில்லு தயாரிக்கும் ஆலை), சானந்தில் மைக்ரான், அசாமின் ஜாகிரோட்டில் பேக்கேஜிங் ஆலை என்று வேலை நடக்கிறது. இவர்களுக்கு வேண்டியது லித்தோகிராஃபி, எட்சிங், மெல்லிய படலப் படிவு, அளவீடு ஆகியவற்றில் கைப்பழக்கம் உள்ளவர்கள். சில எம்.டெக். நானோ துறைகளில் பச்சிலைச் சாற்றில் வெள்ளித் துகள் செய்து பாக்டீரியாவைக் கொல்வதோடு புராஜெக்ட் முடிந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு ஃபேப் நேர்காணலுக்குப் போக முடியாது. சேரும் துறையில் போன வருடப் புராஜெக்ட் தலைப்புகளை வாங்கிப் படியுங்கள்.

உங்கள் பின்னணிக்கு மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் எம்.டெக்.கும் சமமாகவே பொருந்தும். எதில் சேர்ந்தாலும் ஐ.என்.யு.பி. திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி., மும்பை, சென்னை ஐ.ஐ.டி.க்கள் உள்ளிட்ட மையங்களின் கிளீன் ரூமில் வெளிக் கல்லூரி மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி தருகிறார்கள்.

கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். அதோடு ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகரித்த கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு சீட்டா-பி.ஜி. தேர்வு போதும், ஆனால் அதன் வழியாகச் சேர்ந்தால் இந்தத் தொகை கிடையாது.

கேள்வி: பி.எஸ்சி. அக்ரி படிக்கிறேன். ஒரு பாட்டில் நானோ யூரியா ஒரு மூட்டைக்குச் சமம் என்கிறார்களே? வேளாண் நானோவில் மேற்படிப்பு இருக்கிறதா?
– மாணவர், திண்டிவனம்

பதில்: கணக்கை நீங்களே போடுங்கள். 2021-இல் சந்தைக்கு வந்த பாட்டில் 500 மி.லி., நைட்ரஜன் 4 சதவீதம். ஆக 20 கிராம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், ஆக 20.7 கிலோ. ஆயிரம் மடங்கு வித்தியாசம். மூட்டையில் பாதிக்கு மேல் வீணாகிறது என்றே வைத்துக்கொண்டாலும், இலை வழியாக ஒரு துளி விடாமல் உறிஞ்சினாலும் இந்த இடைவெளி அடையாது. ஆய்வாளர்கள் இதைத்தான் கேட்கிறார்கள்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நானோவுக்குத் தனித் துறை உண்டு. மாம்பழம் சீக்கிரம் அழுகாமலிருக்க ஹெக்சனால் என்ற சேர்மத்தை வைத்து நானோ குழம்பு (எமல்ஷன்) உருவாக்கியவர்கள் அவர்கள்தான்; கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் இலங்கை ஆய்வு நிறுவனம் ஒன்றும் அதில் கூட்டு. ஹெக்சனால் பழத்தின் செல்சவ்வைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. எப்படி வேலை செய்கிறது என்று ஒரே வரியில் விளக்க முடிகிற இப்படிப்பட்ட தலைப்பாகப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: மகன் நானோ ஆய்வகத்தில் தினமும் பொடிகளோடு வேலை செய்கிறான். உடம்புக்கு ஆகுமா?
– ஒரு தாய், மேலூர்

பதில்: பயப்பட வேண்டியது உலர்ந்த பொடிக்குத்தான் அம்மா. திரவத்தில் மிதக்கும் துகள் அவ்வளவு எளிதில் காற்றில் பறக்காது. டைட்டானியம் டை ஆக்சைடு, கார்பன் நானோகுழாய் போன்ற உலர் பொடிகளைத் திறந்த மேசையில் எடை போடக் கூடாது, கல்லில் போட்டு அரைக்கக் கூடாது. ஃபியூம் ஹூட்டுக்குள் செய்ய வேண்டும். மின்விசிறி ஓடக் கூடாது. துணி மாஸ்க் போதாது, என்-95 வேண்டும். நைட்ரைல் கையுறையை இரண்டு அடுக்காகப் போட்டு, வெளி உறையை ஹூட்டுக்குள்ளேயே கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். சிந்திய பொடியை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அந்தத் துணியும் மிச்சக் கரைசலும் சிங்க்குக்குப் போகாமல், பெயர் எழுதி ஒட்டிய கழிவு கேனுக்குப் போக வேண்டும். லேப் கோட்டை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.